மட்டம் ஆடட்டும்

2021 நவம்பர் நடுப்பகுதியில் சப்புகஸ்கந்த எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் மசகு எண்ணெய் இல்லாமல் மூடப்பட்டபோது பத்திரிகைகள் டொலர் தட்டுப்பாட்டைப் பற்றி எழுதின. ஐம்பது நாளைக்கு மூடுகிறோம் என்றது அரசாங்கம். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில், காஸ் கிடைக்குமா, பெற்றோல் கிடைக்குமா என்பதே பேச்சு. ஆலைகளை ஓட்டும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வேறொரு கவலையும் இருந்தது. அவ்வளவு சூட்டை எப்படி இறக்கினார்கள்? திரும்ப எப்படி ஏற்றப்போகிறார்கள்?

அது ஒரு தடவையோடு முடியவுமில்லை. 2022 மார்ச்சில் மறுபடி நின்றது. மே மாதக் கடைசியில் 90,000 தொன் சைபீரிய மசகு எண்ணெய் வந்திறங்கிய பிறகுதான் உலை மூட்ட வழி பிறந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் ஆலை பெரும்பாலும் சாது. நிறுத்தும்போதும் தொடங்கும்போதும்தான் அது ஆளைக் கொல்லும். அமெரிக்காவின் டெக்சஸ் சிற்றியில் 2005 மார்ச் 23ஆம் திகதி ஒரு வடித்தல் கோபுரத்தைத் தொடங்கும்போதுதான் 15 பேர் இறந்தார்கள். கோபுரத்துக்குள் எண்ணெய் அளவுக்கு மீறி ஏறிக்கொண்டே போனது. மட்டம் காட்டும் கருவியோ அது இறங்குகிறது என்றது. வெளியேற்றும் வால்வு மூடியிருந்தது. கருவி சொன்னதை நம்பினார்கள்.

மசகு எண்ணெய்க் கோபுரத்தில் முதல் எதிரி தண்ணீர். ஆலை நின்ற நாட்களில் குழாய்களின் பள்ளங்களிலும் பாவிக்காத கிளைக் குழாய்களின் முட்டுகளிலும் நீர் தங்கிவிடும். சூடான எண்ணெய் அதைத் தொட்டால் நீர் ஆவியாகி 1,600 மடங்குவரை விரியும். கோபுரத்துக்குள் இருக்கும் தட்டுகள் கழன்று விழும். அதனால் முதலில் குளிர்ந்த எண்ணெயைச் சுற்றவிட்டு, தாழ்ந்த இடமெல்லாம் திறந்து நீரை வடிப்பார்கள். பிறகு உலையை மணிக்கு முப்பது, நாற்பது பாகையாக ஏற்றி, 120 பாகையை அண்டிய இடத்தில் நிறுத்தி, மிச்ச நீர் கொதித்துப் போகும்வரை காத்திருப்பார்கள். இன்னும் ஏற்றும்போது இரும்பு விரியும், மூட்டுகள் இளகும். போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். உலையின் வாசலில் 350 பாகை வருவதற்குள் எத்தனை பேர் எத்தனை தடவை ஏணி ஏறி இறங்கியிருப்பார்கள்! வெளியே மக்கள் வரிசையில் நிற்கும்போது, அமைச்சரின் தொலைபேசி அழைப்புக்கு நடுவே, இந்தப் பொறுமையைக் காப்பது சாதாரண காரியமல்ல. அதைச் செய்தவர்களின் பெயர் எந்தச் செய்தியிலும் நான் காணவில்லை.

இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961இல் பிறந்தது. சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கியது 1969இல், நாளுக்கு 38,000 பீப்பாய் என்ற அளவில். பின்னர் 50,000 பீப்பாயாக உயர்த்தினார்கள். ஈரானின் இலேசு ரக எண்ணெயை மனதில் வைத்துத்தான் அதன் கணக்கெல்லாம் போடப்பட்டது. வடிவமைப்பு மேசையில் ஓர் எண்ணெயைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கோபுரத்தின் விட்டம், ஆவியைக் குளிரவைக்கும் ஒடுக்கியின் பரப்பு, உலையின் குழாய், பம்பின் வலு எல்லாமே அந்த எண்ணெய்க்குக் கழுத்தை நீட்டிவிடும். 2012இல் அமெரிக்கத் தடைகள் இறுகி ஈரானிய எண்ணெய் கைக்கெட்டாமல் போனபோது ஆலைக்கு வந்தது பணச் சிக்கல் மட்டுமல்ல, கணக்கே மாறிவிட்டது.

அபுதாபியின் முர்பான் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரானியதைவிட இலேசானது, கந்தகமும் குறைவு. கேட்க நல்ல செய்திதான். ஆனால் அதே உலைச் சூட்டில் கூடுதலான பங்கு ஆவியாகிக் கோபுரத்தின் உச்சிக்குப் போகும். உச்சியில் இருக்கும் ஒடுக்கிகள் அவ்வளவு ஆவிக்காகக் கட்டப்பட்டவையல்ல. குளிர வைக்க முடியாத ஆவி அமுக்கத்தை உயர்த்தும். அமுக்கம் உயர்ந்தால் கொதிநிலையும் உயரும். இப்போது கட்டுப்பாட்டுப் பேனலில் இருப்பவர் நேற்றைய அதே வெப்பநிலையை முள் அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பார். வெளியே வருவதோ நேற்றைய சரக்கு அல்ல. வெப்பநிலையை மட்டும் பார்ப்பவன் பாதியைத்தான் பார்க்கிறான். அமுக்கத்தைச் சேர்த்துக் கணக்கிட்டுத் திருத்திய வெப்பநிலையைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். மறுமுனையில் கோபுரத்தின் அடிச்சரக்கு குறையும். தார் எடுக்கும் அலகுக்குத் தீனி போதாது.

இதில் மண்ணெண்ணெயின் பாடுதான் எனக்கு எப்போதும் பிடித்த பாடம். கோபுரத்தில் நாப்தாவுக்குக் கீழே, டீசலுக்கு மேலே, பக்கவாட்டில் உருவப்படுவது அது. விமான எரிபொருளும் அதே இடத்துச் சரக்குத்தான். நாப்தா கொஞ்சம் அதில் தங்கிவிட்டால் தீப்பற்றும் நிலை தாழ்ந்துவிடும். 38 பாகைக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. இதற்காகவே பக்கத்தில் ஒரு சிறு கோபுரம். அதன் அடியில் நீராவி ஊதி இலேசான பங்கைத் துரத்துவார்கள். கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் பலகை வீட்டுக்குள் எரியும் மண்ணெண்ணெய் அடுப்பு முகத்தில் பாயாமல் இருப்பதற்கும், முகத்துவாரத்துப் படகின் இயந்திரம் ஒழுங்காக இருமாமல் ஓடுவதற்கும் அந்த நீராவி வால்வின் திறப்பு ஒரு காரணம். 2022இல் கானோடு மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற யாருக்கும் இது தெரிய வேண்டியதில்லை. தெரியாமலிருக்கும்படி செய்வதுதான் எங்கள் வேலை.

கொழும்பின் வானமும் இதில் கைவைக்கும். காற்றால் குளிரூட்டும் ஒடுக்கிகளின் மேல் பின்னேர மழை திடீரென்று கொட்டினால் ஆவி சடாரென்று ஒடுங்கும், அமுக்கம் விழும், உச்சியில் திரவம் குவியும். எந்த வரைபடத்திலும் எழுதாத குழப்பம் இது. நல்ல பேனல்காரர் ஜன்னலால் மேகத்தைப் பார்த்துவிட்டே கையை வைப்பார்.

நான் கட்டுப்பெத்தையில் இரசாயனப் பொறியியல் படித்தவன். பிறகு வளைகுடாவிலும் இங்கும் கட்டுப்பாட்டு லூப்களைச் சீர்செய்வதே பிழைப்பானது. பாடநூல் தராத ஒன்றை என் முதல் ஷிப்ட் பொறுப்பாளர் தந்தார். பருத்தித்துறைக்காரர், பேச்சு குறைவு. புதிதாக வரும் பொறியியலாளர் எல்லாரும் தொட்டியின் மட்டத்தை 50 சதவீதத்தில் கோடு போட்டதுபோல் நிறுத்தத்தான் முதலில் பார்ப்பார்கள். வரைபில் அழகாக இருக்கும். அவர் அந்த வரைபைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "தம்பி, இந்தத் தொட்டியை ஏன் இவ்வளவு பெரிசாக் கட்டி வச்சிருக்கினம்? ஆடத்தானே. ஆட விடுங்கோ."

இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஒரு தொட்டி இருப்பது அலங்காரத்துக்கல்ல. முதல் கோபுரத்தின் துள்ளலை விழுங்கி, இரண்டாவதற்கு அமைதியான ஓட்டத்தைத் தருவதற்கு. மட்டத்தை அசையாமல் பிடித்தால் உள்ளே வரும் ஒவ்வொரு துள்ளலும் அப்படியே அடுத்த கோபுரத்துக்குப் போய்விடும். அங்கே கொதிகலம் தடுமாறும், சரக்கின் தரம் கெடும். மட்டம் 30க்கும் 70க்கும் இடையே மெதுவாக ஏறி இறங்கினால் யாருக்கு என்ன நட்டம்? குழப்பத்தை அழிக்க முடியாது. அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிக்கத்தான் முடியும். இதை ஒப்புக்கொள்ளாத மேலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்கோடு வேண்டும்.

இந்தத் தொழிலின் வேர் ஒரு கப்பலில் இருக்கிறது என்பது துறைமுக நகரத்தவர்களுக்கு இனிக்கும். நிக்கொலாஸ் மினோர்ஸ்கி என்பவர் 1922இல் கப்பலைத் தானாகத் திருப்பும் கட்டுப்பாட்டைக் கணிதமாக எழுதியபோது, சுக்கான் பிடிப்பவர் என்ன செய்கிறார் என்பதையே பார்த்து எழுதினார். விலகிய அளவை மட்டும் அவர் பார்ப்பதில்லை; எவ்வளவு நேரமாக விலகியிருக்கிறது, எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதையும் பார்க்கிறார். இன்றைக்கும் ஆலைகளில் ஓடும் பெரும்பாலான கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் இருப்பது இந்த மூன்றும்தான். 1942இல் சீக்லரும் நிக்கல்சும் அவற்றுக்கு எண் போடும் வழியைக் கொடுத்தார்கள். வேதியியல் ஆலைக்கு அந்த எண்கள் முரட்டுத்தனமானவை. பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள் என்றே இளையவர்களுக்குச் சொல்வேன். அதற்கும் முன்னால் வால்வைப் போய்த் தொட்டுப் பாருங்கள். ஆடுகிற லூப்களில் கணிசமானவை ஆடுவது எண்ணால் அல்ல, ஒட்டிக்கொண்ட வால்வுத் தண்டால்.

குறைந்த ஓட்டமும் ஒரு தொல்லை. கையிருப்பு எண்ணெயை இழுத்தடிக்க ஆலையை மெல்ல ஓட்டச் சொல்வார்கள். துளைத்தகடு வைத்த பாய்வளவியில் ஓட்டம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் அது உணரும் அமுக்க வேறுபாடு ஒன்பதில் ஒன்றாகிவிடும். கருவி காட்டும் எண்ணை நம்ப முடியாது. ஆவி போதாமல் கோபுரத் தட்டுகளின் துளைகளால் திரவம் ஒழுகும். வால்வுகள் மூடும் தறுவாயில் படபடக்கும். பொருளாதாரத்துக்கு அது சிக்கனம். கோபுரத்துக்கு அது நோய்.

சரக்கு மாறினால் கருவியும் மாற வேண்டும் என்ற பாடம் வீட்டுக்குள்ளும் வந்தது. 2021 கடைசியில் சமையல் காஸ் தொடர்பான வெடிப்புகள் நாடெங்கும் நடந்தன. ஆராய்ந்த குழு, புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியதைக் காரணமாகக் காட்டியது. நமது வெக்கையில் புரொப்பேனின் ஆவியமுக்கம் பியூட்டேனினதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. வெள்ளவத்தைக் குசினியில் இருந்த றெகுலேற்றரும் குழாயும் பழைய கலவைக்குப் பழகியவை. ஆலைக்குள் இப்படியொரு மாற்றம் என்றால் ஒரு கோப்பு திறந்து, பத்துப் பேர் கையெழுத்து வைத்த பிறகுதான் வால்வு திறப்போம்.

ஆலையின் சரக்கை வாங்குபவர்களும் அதன் ஓட்டத்தை ஆட்டுவார்கள். களனிதிஸ்ஸ மின்நிலையத்தின் ஒரு பகுதி ஓடுவது நாப்தாவில். சப்புகஸ்கந்தவில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்து மின்நிலையம் உலை எண்ணெயில். நல்ல மழை பெய்து நீர்மின்சாரம் பெருகினால் உலை எண்ணெயை எடுக்க ஆளில்லை, தாங்கி நிறையும், அதற்காகக் கோபுரத்தையே குறைத்து ஓட்ட வேண்டி வரும். மலைநாட்டு மழைக்கும் இந்தக் கோபுரத்துக்கும் இப்படியும் ஓர் உறவு.

அம்பாந்தோட்டையில் புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்ட 2025 ஜனவரியில் சீனாவின் சினோபெக் நிறுவனத்தோடு 3.7 பில்லியன் டொலர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அது எழும்போதோ, சப்புகஸ்கந்தவை விரிவாக்கும் பேச்சு மறுபடி எழும்போதோ, வரைபடங்களில் கையெழுத்து விழுவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். 2021இலும் 2022இலும் உலையை அணைத்து மூட்டிய பேனல்காரர்களையும் ஷிப்ட் பொறுப்பாளர்களையும் கூப்பிட்டு மேசையில் இருத்துங்கள். நாலைந்து வகை எண்ணெய்க்கும், பாதிக்கும் குறைந்த ஓட்டத்துக்கும், அடிக்கடி நின்று தொடங்குவதற்கும் என்ன வேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்களில் பலர் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். கேட்பதென்றால் இப்போதே கேட்க வேண்டும்.