போர்டு போகவில்லை, எர்த்துதான்

பாலவாக்கத்துக்குக் குடிவந்து 23 வருஷம் ஆகிறது. கடற்கரைக்கு ஐந்து நிமிஷ நடை என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்த ஐந்து நிமிஷத்துக்கு நாம் கட்டும் வரி தனி. ஜன்னல் கொக்கி, கேட்டுத் தாழ்ப்பாள், ஏசியின் வெளிப்பெட்டி என்று எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. தெருவில் நிற்கும் வண்டிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எதிர்வீட்டுத் தம்பி ஒரு பழைய குவாலிஸை வாடகைக்கு ஓட்டுகிறார். கோயில் டூர், கல்யாண வீடு, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை. பாட்டு சரியில்லாத வண்டியை ஒருதரம் கூப்பிட்டவர்கள் மறுதரம் கூப்பிடுவதில்லையாம். அதனால் புதுப்பேட்டையில் 3,500 ரூபாய் கொடுத்துப் பழைய நாலு சேனல் ஆம்ப்ளிபயர் ஒன்றை வாங்கிக் கடைசி சீட்டுக்கு அடியில் பொருத்தியிருந்தார். சத்தம் குறைவாக வைத்தால் அருமையாகப் பாடியது. கொஞ்சம் ஏற்றினால் சிவப்பு விளக்கு எரிந்து ஊமையாகிவிடும். நாலைந்து விநாடி கழித்து மறுபடியும் பாடும்.

கடைக்காரர் "போர்டு போயிடுச்சு, வேற எடுத்துக்கோ, ஆயிரம் குறைச்சுக்கிறேன்" என்றாராம். இன்னொருவர் பெரிய கப்பாசிட்டர் போடச் சொன்னார். மூன்றாமவர் பேட்டரியையே மாற்றச் சொல்லிவிட்டார். மறுநாள் ராத்திரி பௌர்ணமி வாடகை. "சார், நீங்க டெலிபோன்ல பேட்டரி ரூம்லதானே இருந்தீங்க, ஒரு பார்வை பாருங்களேன்" என்று வந்து நின்றார்.

பானெட்டைத் திறந்ததும் என் கண்ணில் பட்டது பாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. பேட்டரி பக்கத்தில் இருந்த பியூஸ் ஹோல்டரில் பியூஸ் இல்லை. செம்புக் கம்பி இழைகளை முறுக்கிச் சொருகியிருந்தார்கள்.

"அடிக்கடி போகுதுன்னு சுத்திக் கொடுத்தாங்க சார்."

"எத்தனை ஆம்பியர் போட்டிருந்தீங்க தம்பி?"

"பதினஞ்சு."

ஆம்ப்ளிபயரின் பக்கவாட்டிலேயே இரண்டு 20 ஆம்பியர் பியூஸ்கள் இருக்கின்றன. முன்னால் 15 போட்டால் எரியாமல் என்ன செய்யும்? ஆனால் அதற்கு வைத்தியம் கம்பி முறுக்குவதல்ல. பேட்டரி ஓரத்து பியூஸ் ஆம்ப்ளிபயரைக் காப்பாற்ற வைத்ததல்ல. வயரைக் காப்பாற்ற வைத்தது. அங்கிருந்து கார்ப்பெட்டுக்கு அடியில் ஐந்து மீட்டர் வயர் பின்னால் போகிறது. வழியில் தகட்டு ஓட்டை ஒன்றில் அதன் தோல் உரசித் தேய்ந்து பாடியைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதில் தள்ளும். வயர் அடுப்புச் சுருள் ஆகிவிடும். அதன் மேல் எட்டுப் பேர் கால் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். தம்பி எதுவும் பேசாமல் போய் 40 ஆம்பியர் பியூஸ் வாங்கிவந்தார். வயரை நான் சுரண்டிப் பார்த்துக்கொண்டேன். எட்டாம் நம்பர், உள்ளேயும் செம்பு. மேலே செம்பு பூசி உள்ளே அலுமினியமாக விற்பதும் உண்டு.

(ஆம்ப்ளிபயரின் நெற்றியில் '1000 வாட்' என்று பொறித்திருந்தது. உள்ளே போகும் 40 ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 552 வாட். போவதே அவ்வளவு என்றால் வருவது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.)

அடுத்து, போர்டு உண்மையிலேயே போயிருக்கிறதா? அந்தக் காலத்து ரேடியோ ரிப்பேர்க் கடைகளில் ஒரு பலகையில் பல்பு மாட்டி, அதை சீரியஸில் போட்டுத்தான் எந்தப் பெட்டிக்கும் கரண்ட் கொடுப்பார்கள். ஞாபகம் இருக்கிறதா? அதே வித்தைதான். பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டினேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். எங்கள் பல்பு ஒரு நொடி மின்னிவிட்டு, லேசான சிவப்பில் அடங்கியது. போர்டு பிழைத்தது.

பழைய ஆம்ப்ளிபயர்களில் அடிக்கடி சாவது 12 வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் டிரான்சிஸ்டர்கள். நம் காலத்து வால்வு கார் ரேடியோவில் 'வைப்ரேட்டர்' என்று ஒன்று தகர டப்பாவுக்குள் ரீங்காரம் போடுமே, அதன் பேரப்பிள்ளைகள் இவை. அது நொடிக்கு நூறு தடவை போல் செய்த வேலையை இவை பல்லாயிரம் தடவை செய்கின்றன.

ஸ்டீரியோவிலிருந்து வரும் மெல்லிய ரிமோட் வயரையும் பார்த்தேன். அதில் 12 வோல்ட் ஆடாமல் இருந்தது. அது விட்டுப்போனால் ஆம்ப்ளிபயர் அடியோடு அணையும், சிவப்பு காட்டாது.

இனி மீட்டர். சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.5, ஆம்ப்ளிபயரில் 12.4. இங்கேதான் பலர் மீட்டரைப் பையில் போட்டுவிடுகிறார்கள். பாட்டை ஏற்றிவைத்துப் பார்க்கவேண்டும். எனக்கு இதற்கு முள் மீட்டர்தான் பிடிக்கும். எண் மீட்டர் தடுமாறுவதற்குள் முள் சொல்லிவிடும். தவில் அடி விழும்போது பேட்டரி 12.1-ல் நின்றது. ஆம்ப்ளிபயரில் 9.8. பல ஆம்ப்ளிபயர்கள் பத்து வோல்ட்டுக்குக் கீழே போனால் தங்களைத் தாங்களே நிறுத்திக்கொள்ளும். ஆகவே பேட்டரி குற்றவாளி இல்லை. வழியில்தான் 2.3 வோல்ட் திருடு போகிறது.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஆம்ப்ளிபயர் பிளஸ் வரை மீட்டரை வைத்தேன்: 0.4. மைனஸ் பக்கம்: 1.9. அதையும் இரண்டாகப் பிரித்தேன். ஆம்ப்ளிபயரிலிருந்து அதன் எர்த் போல்ட் வரை 0.3. அங்கிருந்து பேட்டரி மைனஸ் வரை 1.6.

"வண்டி ஒரே உதையில ஸ்டார்ட் ஆவுதே சார், எர்த் எப்படிப் போகும்?" என்றார் தம்பி. நியாயமான கேள்வி. பேட்டரி மைனஸிலிருந்து தடித்த கேபிள் போவது எஞ்சினுக்கு. ஸ்டார்ட்டருக்கு அது போதும். குவாலிஸின் பாடியோ சேஸிஸ் மேல் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. பாடிக்கு எர்த் வருவது தனியாக ஒரு பட்டை வழியாக. பானெட்டுக்குள் குனிந்து அதைத் தேடினோம். பட்டை பச்சைப் பாசி பிடித்து, லக்கின் கழுத்தில் நாலைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே ஒரு மெக்கானிக் அதில் மீட்டர் வைத்து 'பீப்' கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றாராம். பீப் அடிக்க ஒரு இழை போதும். இருபது ஆம்பியர் போக அது போதாது.

இருபது ஆம்பியர் ஓடும்போது பத்தில் ஒரு பங்கு ஓம் இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். போகிற அந்த 40 வாட், சூடாக மாறும். ஒரு சால்டரிங் அயர்னை எரியவிட்டு பானெட்டை மூடிய மாதிரி.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைத்தான் எர்த் செய்வோம், மண்ணுக்குள் போகும் கேபிளின் செம்பு அரிக்காமல் இருப்பதற்காக. காரில் அந்தச் சலுகை கிடையாது. துடைப்பது ஒன்றே வழி. புதுப் பட்டை மாட்டினோம். இரண்டு முனையிலும் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரியவைத்து, போல்ட்டை இறுக்கியபின் மேலே வாசலின் பூசினோம். பின்னால் இருந்த எர்த் போல்ட்டுக்கும் அதே மரியாதை. பட்டையும் பியூஸும் சேர்ந்து 300 ரூபாய் ஆகவில்லை. மொத்த இழப்பு 2.3-லிருந்து 0.5-க்கு வந்தது. தவிலும் கேட்டது, விளக்கும் பச்சையில் நின்றது.

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் ராத்திரியில் ஒன்று கவனியுங்கள். ஹாரன் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால் பேட்டரிக் கடைக்குப் போவதற்கு முன் இந்தப் பட்டையைப் பாருங்கள்.

எஞ்சின் வேகமெடுத்தால் ஸ்பீக்கரில் ஒரு கொசுச் சத்தம் மட்டும் மிச்சம். பாட்டு வயரையும் பவர் வயரையும் ஒரே பக்கம் சேர்த்து ஓட்டியிருக்கிறார்கள். கார்ப்பெட்டைப் பிரித்து ஒன்றை மறுபக்கம் மாற்றவேண்டும். பௌர்ணமி முடியட்டும் என்றார் தம்பி. போய்வந்து சொன்னார்: செஞ்சி வரைக்கும் பாட்டு ஒருதரம்கூட நிற்கவில்லையாம். அதற்கப்புறம் பின்சீட்டுப் பெரியவர் ஒருவர், தூக்கம் வருகிறது என்று நிறுத்தச் சொல்லிவிட்டாராம்.