மணியின் தொண்டை

ஜூன் 3, திங்கள்
பயாப்சி ரிப்போர்ட் வந்துவிட்டது. இடது டான்சிலில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவு உருளுவதும் அதன் பரவல்தான். முதலில் காட்டிய கிளினிக்கில் ஒரு மாதம் "இன்ஃபெக்ஷன்தான் சார்" என்று மாத்திரை கொடுத்தார்கள். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை.

ஜூன் 7, வெள்ளி
மணியோடு ஆட்டோவில் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி. கத்தி, கதிர், கீமோ மூன்றையும் டாக்டரம்மா விளக்கினார். சீக்கிரம் பரவும் ஜாதி இது; வெட்டியெடுத்தால் மட்டும் அடங்காது. கதிர் வைக்க ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து கொடுக்கணும். அசையாமல் படுடா என்றால் நாய் கேட்குமா? 11 வயதில் அது வேண்டாம் என்றேன். ஆக, ஆபரேஷன், பிறகு கார்போபிளாட்டின், கூடவே பைராக்சிகாம். பைராக்சிகாம் பழைய மூட்டுவலி மருந்து. சில புற்றுகளைக் கொஞ்சம் அடக்குமாம். ஆனால் அந்தக் கிளினிக் மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது! இரண்டும் சேர்ந்தால் வயிறு புண்ணாகி ரத்தம் கசியும். அதனால் இடைவெளி விட்டுத்தான் தொடங்கணும். மலம் தார் மாதிரி போனால் உடனே நிறுத்திவிட்டு போன் செய்யச் சொன்னார்.

ஜூன் 24, திங்கள்
11ஆம் தேதி ஆபரேஷன். டான்சில் போயிற்று, கழுத்துக் கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லை. இன்று முதல் கீமோ. டோஸ் எடைக்கு நேராகப் போடுவதில்லை. 20 கிலோவுக்கு உடல் மேற்பரப்பு 0.74 சதுர மீட்டர்; சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம் என்று 222 வந்தது. முன்னங்காலில் ஊசி ஏறும்வரை என் செருப்பில் முகவாயை வைத்துப் படுத்திருந்தான். 3 நாள் மூத்திரம், மலம் எல்லாம் கையுறை போட்டுத்தான் அள்ளணும். பேத்தியை மகள் வீட்டுக்கே அனுப்பியாச்சு.

ஜூன் 27, வியாழன்
இரண்டு தடவை வாந்தி. தயிர்சாதத்தை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். சாயங்காலம் பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தார்கள். மூக்கு மட்டும் எழுந்தது. மத்தியை வேகவைத்து, முள் எடுத்து, கூழாகப் பிசைந்து நீட்டினேன். ஆறு வாய்.

ஜூலை 4, வியாழன்
வெள்ளணுவும் பிளேட்லெட்டும் இறங்கியிருக்கின்றன. மருந்து போட்டு 10 நாள், இறங்கும் நேரம்தான். காய்ச்சல் இல்லை.

ஜூலை 15, திங்கள்
அணுக்கள் ஏறிவிட்டன, இரண்டாவது ஊசி போட்டாயிற்று. முடி கொட்டவில்லையே என்கிறார் பால்காரர். நாய்களுக்குப் பெரும்பாலும் கொட்டாது. கட்டி சுண்டைக்காய் அளவுக்கு வந்திருக்கிறது. "குணம்னு சொல்ல மாட்டேன் சார், சாப்பிடுறான் இல்லையா?" என்றார் டாக்டரம்மா. சாப்பிடுகிறான். பால்காரரைப் பார்த்துக் குரைத்தான், கரகரப்பாக. அடுத்த ஊசி ஆகஸ்ட் 5.