கழற்றுவதற்காக நடப்படும் கம்பம்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியோடு வண்டிகளுக்கு வழி கிடையாது. மறுநாள் காலை 7.30 மணி வரை, காந்தி சிலையையும் பழைய கலங்கரை விளக்கத்தையும் தாண்டி நடப்பவர்களின் ராஜ்ஜியம்தான். இந்த ஊரின் நல்ல பழக்கங்களில் முதன்மையானது இது என்பேன். ஆனால் அதைக் காப்பாற்ற ஒவ்வொரு நாளும் இரும்புத் தடுப்புகளை இழுத்து வந்து போட வேண்டியிருக்கிறது. தடுப்பு வண்டியை மட்டும் மறிப்பதில்லை. சக்கர நாற்காலியில் வருபவரும் யாராவது அதை நகர்த்தும்வரை நிற்க வேண்டியதுதான்.

இதற்கு எளிமையான மாற்று ஒன்று உண்டு. தரையில் ஒரு குழலைப் பதித்துவிட்டு, வேண்டும்போது அதில் கம்பத்தைச் செருகிப் பூட்டுவது, வேண்டாதபோது உருவி எடுத்துக் குழலை மூடிவிடுவது. பொறியாளர்கள் போலார்டு என்பார்கள். வேலைக்காரர்களுக்கு அது போஸ்ட். ஒயிட் டவுனில் ஒரு பழைய வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் இப்படி மூன்று போஸ்ட் நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அனுமதி கேட்டுக்கொண்டு போய் நின்றேன். மேஸ்திரி, வெல்டர், உதவிக்கு இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திறங்குகிறவர்கள்.

முதலில் வெளியே வந்தது டேப்தான். சந்து ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகம். கம்பத்துக்கும் கம்பத்துக்கும் இடையே 1200 மில்லிமீட்டர் விட்டுச் சாக்பீஸால் குறித்தார் மேஸ்திரி. அந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. பஜாஜ் ஆட்டோவின் அகலம் 1300. சிறிய கார்கூட ஒன்றரை மீட்டரை ஒட்டி வரும். இரண்டும் நுழையாது. சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். ஸ்கூட்டரும் போகும்தான். அதையும் தடுக்கிறேன் என்று நெருக்கி நட்டால் மனிதர்களைத் தடுத்ததாக ஆகிவிடும்.

“தீயணைப்பு வண்டி வந்தா?” என்று கேட்டேன். அவர் அதையும் யோசித்து வைத்திருந்தார். ஒரு கம்பத்தை எடுத்தால் கிடைப்பது இரண்டரை மீட்டர் வழி. பெரிய வண்டிக்கு அது போதாது. பக்கத்துக் கம்பத்தையும் எடுத்தால் ஏறக்குறைய 3.8 மீட்டர். “அதனாலதான் சார் மூணையுமே கழட்டுற மாதிரி போடச் சொன்னேன். ஒண்ணு மட்டும் போதும்னாங்க. நான் ஒத்துக்கல.”

தண்ணீர் விட்டுக்கொண்டே டயமண்ட் பிளேடால் தரையைச் சதுரமாக அறுத்தார்கள். மேலே ஒரு சாண் காங்கிரீட். அதற்குக் கீழே சுத்தமான கடல் மணல். இந்த ஊரின் கிழக்கு ஓரத்தில் எங்கே தோண்டினாலும் மணல்தான், தோண்டத் தோண்டச் சரியும். குழிக்கு மேல்வாய் 400 மில்லிமீட்டர் சதுரம், ஆழம் 450. அடிப்பக்கத்தை வாயைவிட அகலமாகக் குடைந்தார்கள். கம்பத்தை வண்டி தள்ளும்போது காங்கிரீட் கட்டி மேலே பிடுங்கிக்கொண்டு வராமல் இருக்க அந்த அகலம் வேண்டும். அந்த அளவுக் குழிக்குள் மண்வெட்டி திரும்பாது. இளைஞர்களில் ஒருவர் தரையில் குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டு மணலை அள்ளினார். “கேபிள் போகும், கடப்பாரையை ஓங்காதடா” என்று மேஸ்திரி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெல்டர் கொண்டுவந்திருந்த குழலை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். கம்பம் நாலு அங்குலப் பைப், குழல் ஐந்து அங்குலப் பைப். அப்படியே செருகினால் சுற்றிலும் எட்டு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். அதனால் குழலின் உட்சுவரில் ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள பட்டைகளை நெட்டுக்குத்தாக வைத்துப் பற்றவைத்திருந்தார். கம்பம் அந்தப் பட்டைகளை மட்டும் தொட்டுக்கொண்டு இறங்கும்; ஆடாது, துருப் பிடித்து முழுதாக ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. கம்பம் தங்குவதற்குக் குழலின் அடியில் குறுக்காக ஒரு கம்பி. மற்றபடி அடிப்பக்கம் திறந்தே இருந்தது.

வெல்டிங் எல்லாம் முடித்த பிறகே துத்தநாகப் பூச்சுக்கு அனுப்பியிருக்கிறார். பூச்சு ஏறிய இரும்பை அப்புறம் பற்றவைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போகும். கடற்காற்றின் உப்பு முதலில் அங்கேதான் துருவைத் தொடங்கும். அந்தப் புகையைச் சுவாசிக்கும் வெல்டருக்கு ராத்திரி குளிர் காய்ச்சல் கண்டுவிடும். “பளபளன்னு எஸ்.எஸ். போட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா சாதாரண 304 கடலோரத்துல பழுப்படிச்சுடும். 316 போடணும், வெலை ஒத்துவரலைன்னாங்க” என்றார். துருப்பிடிக்காத எஃகு என்று பெயரிருந்தாலும், மாலிப்டினம் சேர்த்த 316 வகைதான் உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும்.

குழியின் அடியில் அரைச் சாணுக்குக் கொஞ்சம் குறைவாக முக்கால் ஜல்லியைக் கொட்டி, அதன்மேல் குழலை நிறுத்தினார்கள். மழைத் தண்ணீர் குழலுக்குள் இறங்கினால் தேங்காமல் ஜல்லி வழியாக மணலுக்குப் போய்விட வேண்டும். புதுச்சேரியில் இதை அலட்சியம் செய்ய முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் பக்கத்திலேயே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. அடி அடைத்த குழலாக இருந்தால் அது சிறு கிணறுதான். தண்ணீரும் மணலும் உள்ளே இறுகி, கம்பம் அடுத்த தடவை வெளியே வராது.

பிறகு நடந்ததுதான் என்னை வெகுநேரம் கட்டிப்போட்டது. மேஸ்திரி சந்தின் குறுக்கே நூல் பிடித்தார். குழலுக்குள் கம்பத்தை முழுதாக இறக்கி, கம்பத்தின் மேல் ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். குழலை மட்டும் பார்த்தால் போதாதா என்றேன். போதாது. 350 மில்லிமீட்டர் குழலில் இரண்டு மில்லிமீட்டர் சாய்வு கண்ணுக்குப் படாது. தரைக்கு மேல் 900 மில்லிமீட்டர் நிற்கும் கம்பத்தில் அது ஐந்தாகிவிடும். மூன்று கம்பமும் மூன்று திசையில் சாய்ந்தால் தெருவில் போகிற குழந்தைகூடச் சொல்லிவிடும். ஜல்லித் துண்டுகளை முட்டுக் கொடுத்து, தட்டி, மறுபடி பார்த்து, மறுபடி தட்டி, அவர் திருப்தியாக நிமிர்ந்தபோது வெயில் சந்துக்குள் முழுதாக இறங்கிவிட்டிருந்தது.

கம்பத்தை உருவி, குழலின் வாயைப் பாலிதீன் வைத்து டேப்பால் இறுக்கி மூடினார்கள். சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்று, ஜல்லி இரண்டு. கலவையை ஒரே பக்கமாகக் கொட்டினால் குழல் தள்ளிப்போகும் என்பதால் நாலு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டு, கம்பியால் குத்திக்கொண்டே வந்தார்கள். குழலின் விளிம்பு தரையைவிட ஒரு நூல் உயரமாக நின்றது. அங்கிருந்து சுற்றிலும் வாட்டம் கொடுத்துத் தேய்த்தார் மேஸ்திரி, தெருத் தண்ணீர் உள்ளே ஓடாமல் விலகிப் போவதற்காக.

ஒரு குழிக்குள் போன காங்கிரீட் ஏறக்குறைய 120 கிலோ. அது பிடித்துக்கொண்டிருக்கப்போகும் கம்பம் 15 கிலோ. பார்ப்பவருக்குத் தெரிவது அந்தப் 15 கிலோதான்.

கூலியும் அதைப் பார்த்தே பேசப்படுகிறது. ஒரு போஸ்ட்டுக்கு இவ்வளவு என்று ரேட். குழி எவ்வளவு ஆழம், ஜல்லி போட்டாயா, எத்தனை நாள் தண்ணீர் விட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. அரை அடி தோண்டி, நாலு சட்டி கலவை கொட்டிவிட்டுப் போகிறவருக்கும் அதே ரேட்தான். நம் பக்கம் பெரும்பாலும் பிபிசி (PPC) சிமெண்ட். சாம்பல் கலந்த இந்தச் சிமெண்டைப் பத்து நாளாவது ஈரம் காயாமல் வைக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. வார இறுதிக் கூட்டம் வருவதற்குள் மாட்டிவிட முடியுமா என்று வீட்டுக்காரர் தரப்பில் கேட்டார்கள். மேஸ்திரி அசையவில்லை. “எளங்காங்கிரீட்ல கம்பத்தை மாட்டுனா யாராவது வண்டியால இடிப்பாங்க. உள்ளுக்குள்ள விரிசல் விட்டா மேலே தெரியாதுங்க.” சாக்கை நனைத்துப் போட்டு மூடிவிட்டார்.

அந்தச் சந்தின் வாட்ச்மேன் அறுபதைக் கடந்தவர். தினமும் காலையில் மூன்று கம்பத்தையும் உருவி ஓரமாக வைத்து, ராத்திரி திரும்பச் செருக வேண்டியவர் அவர்தான். கம்பத்தின் தலையில் ஒரே ஒரு வளையம் இருப்பதைப் பார்த்துவிட்டு, “தம்பி, ஒத்தைக் கையால இதைத் தூக்கினா இடுப்பு போயிடும்” என்றார். வெல்டர் அவரையே பக்கத்தில் நிற்கவைத்து, அவர் கை போகும் உயரத்தை அளந்து, இரண்டு பக்கமும் பிடி வைப்பதற்குக் குறித்துக்கொண்டார். பூச்சுக்கு அனுப்பும் முன்பே கேட்டிருந்தால் கம்பங்களை மறுபடி அனுப்பும் செலவு மிச்சமாகியிருக்கும். தினமும் தூக்கப்போகிறவரைக் கேட்காமலே வரைபடம் போடுவது இங்கே மட்டும் நடப்பதில்லை.

இந்தக் கம்பம் வண்டி நிறுத்துபவரைத் தடுக்கும். வேகமாக வரும் லாரியைத் தடுக்காது. அதற்கு வேறு வகைக் கம்பங்கள் உண்டு. எத்தனை டன் வண்டி எவ்வளவு வேகத்தில் மோதினால் தாங்கும் என்று மோதவிட்டே சோதித்துச் சான்று தருகிறார்கள். 2016 ஜூலை 14 அன்று பிரான்சின் நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் கொண்டாட்டக் கூட்டத்துக்குள் லாரி பாய்ந்து 86 பேர் இறந்த பிறகு இவற்றின் தேவை உலகெங்கும் உறைத்தது. பிரெஞ்சு தேசிய தினமான அதே ஜூலை 14ஐ நம் கடற்கரைச் சாலையின் போர் நினைவுச் சின்னத்தருகேயும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் விலை உயர்ந்த கம்பம் இருந்துவிட்டால் போதும் என்றும் இல்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் போர்பன் தெருவில் தடுப்புக் கம்பங்கள் இருந்தன. திருவிழாவில் வீசும் பாசிமணிகள் அவற்றின் தடங்களில் விழுந்து அடைத்துக்கொள்ள, சரியாக இயங்காமல் போயின. அவற்றை எடுத்துவிட்டுப் புதியவை பொருத்திக்கொண்டிருந்த வேளையில், 2025 ஜனவரி 1 அதிகாலை ஒரு வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்து 14 பேரின் உயிரைப் பறித்தது. தரையிலுள்ள தடத்தையும் குழியையும் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

நம் கடற்கரைச் சாலைக்கும் நாளை இத்தகைய கம்பங்கள் வரலாம். வர வேண்டும் என்றே விரும்புகிறேன். அப்போது ஒப்பந்தத்தில் கம்பத்தின் எண்ணிக்கையோடு குழியின் ஆழமும், ஜல்லியும், ஈரம் காக்கும் நாட்களும் எழுதப்பட வேண்டும். அவற்றுக்குத் தனியாகக் கூலி தரப்பட வேண்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குழலைத் துப்புரவு செய்ய ஆள் வேண்டும். சாவி ஒன்று தீயணைப்பு நிலையத்தில் இருக்க வேண்டும். உறுதியாக நிற்பதும், கேட்டவுடன் கழன்று வருவதும் ஒரே கம்பத்தின் இரண்டு கடமைகள். இரண்டையும் செய்யவைக்கிற அறிவு அந்த மேஸ்திரியிடமும் வெல்டரிடமும் இருக்கிறது. அவர்களைக் கேட்டு வேலையை வகுத்தால், பணம் கொடுப்பவர்கள் அந்த அறிவுக்கும் சேர்த்துக் கொடுத்தால், தெருவில் நடக்கிற நாம் எல்லோரும் பிழைத்துக்கொள்வோம்.