கல்லை வெட்டியவர் பெயர்

கிங்காயிட் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுபவை படங்கள் அல்ல, கற்கள். சுவரோரம் சாய்த்து வைத்த சிலேட்டுக் கற்பலகைகள். சிலவற்றை ஓர் ஆள் தூக்கிவிடலாம், சிலவற்றை நகர்த்த நாலு பேர் வேண்டும். பழைய பில்லியர்ட்ஸ் மேசைகளின் அடிப்பலகைகளும் அவற்றில் உண்டு என்றார்கள். அந்த மேசைகளுக்குள் சிலேட்டுக் கல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஊரைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கனடாவின் நூனவுட் பிரதேசத்தில், பாஃபின் தீவின் தென்மேற்கு முனையை ஒட்டிய சின்னத் தீவு ஒன்றில் இருக்கிறது கிங்காயிட். 2020 வரை வரைபடங்களில் கேப் டோர்செட் என்று போட்டிருந்தார்கள். சனத்தொகை ஏறக்குறைய 1,400, பெரும்பாலும் இனுவிட் மக்கள். வெளியூரிலிருந்து வீதி கிடையாது, மரம் என்று ஒன்று கிடையாது. ஒட்டாவாவிலிருந்து இக்கலுயிட், அங்கிருந்து சிறிய விமானம், அதுவும் மூடுபனி விட்டால்தான். கனமான சாமான்கள் எல்லாம் கோடையில் பனிக்கட்டி உருகியபின் வரும் கப்பலில் வரவேண்டும். கடையில் ஒரு பை தோடம்பழத்தின் விலையைப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். இப்படியோர் இடத்தில் உலகக் கலைச்சந்தை எதிர்பார்த்திருக்கும் ஓர் அச்சுக்கூடம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று மேசையில் கிடந்த கல்லில் ஓர் அண்டங்காகம் பாதி எழுந்திருந்தது. ஒக்டோபரில் ஆண்டுத் தொகுப்பு வெளிவரும்வரை எந்தப் படம், யார் வெட்டுகிறார் என்று எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் அவரை இங்கே பெரியவர் என்றே சொல்கிறேன். கல்லின் முகத்தைச் சமமாகத் தேய்த்து முதலில் வெள்ளைப் பெயின்ட் பூசுகிறார்கள். ஓவியர் தாளில் வரைந்ததை அதன்மேல் படியெடுத்து, கோடுகளையும் நிரப்பவேண்டிய இடங்களையும் மையால் கறுப்பாக்குகிறார்கள். அதற்குப் பிறகு சட்டம் ஒன்றுதான்: வெள்ளை தெரியும் இடமெல்லாம் போகவேண்டும், கறுப்பு நிற்கவேண்டும்.

சொல்ல எளிது. காகத்தின் இரண்டு சிறகிறகுகளுக்கு நடுவே அவர் விட்டு வைத்திருந்த கோட்டை வடிவாகக் குனிந்து பார்த்தேன். நூல் தடிப்பு இருந்தால் அதிகம். உளியை ஒருபோதும் அந்தக் கோட்டை நோக்கித் தள்ளவில்லை. கோட்டில் தொடங்கி வெளிப்பக்கமாகவே தள்ளினார். சிலேட்டு அடுக்கடுக்கான கல். தவறான பக்கத்திலிருந்து தட்டினால் செதில் கழன்று கோட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ஒரு தட்டு, தூசியை உறிஞ்சி எடுப்பது, விரல் நுனியால் தடவிப் பார்ப்பது, மறுபடி ஒரு தட்டு. முகத்தில் முகமூடி. வானொலியில் யாரோ இனுக்டிடூட்டில் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார், இடையிடையே பெரியவர் மட்டும் சிரித்தார்.

“இதை வரைந்தவர் வந்து பார்ப்பாரா?” என்று கேட்டேன்.

“சில பேர் வருவார்கள். சில பேர் அச்சு காய்ந்த பிறகுதான் பார்ப்பார்கள்.”

“அவர் வரைந்தது பென்சிலில். நிழல் மெல்ல மெல்ல மங்குகிறது. கல்லில் அது வராதே?”

“வராது. எங்கே நிறுத்துவது என்று நான்தான் பார்க்கவேண்டும்.”

இந்தக் கடைசிப் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பென்சில் மங்கவிடும் இடத்தில் கல் விளிம்பு கேட்கிறது. அந்த விளிம்பு இறகின் நுனியிலா, நுனிக்கு ஒரு மயிரிழை முன்னாலா என்று தீர்மானிப்பவர் ஓவியர் அல்ல, கல்வெட்டுபவர். நாம் படத்தைப் பார்த்து ஓவியரின் கோடு என்று வியப்பதில் பாதி இவருடைய கோடு.

இந்த வேலைப்பிரிவினை எப்படி வந்தது என்பதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1957இல் சிற்பி ஒசுயிட்டோக் இப்பெலி இரண்டு சிகரெட் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இரண்டிலும் ஒரே மாலுமியின் தலை, அச்சு அசலாக. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர் உட்கார்ந்து இதையே வரைவது எவ்வளவு அலுப்பான வேலை என்று வியந்திருக்கிறார். அப்போது அங்கே அரசு அதிகாரியாக இருந்த ஓவியர் ஜேம்ஸ் ஹூஸ்டன், இப்பெலி செதுக்கிய வால்ரஸ் தந்தத்தில் மை தடவி மெல்லிய தாளில் ஒற்றிக் காட்டியிருக்கிறார். கதையைச் சொன்னவர் ஹூஸ்டன்தான், ஆகவே கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். தொடர்ந்து 1958இல் அவர் ஜப்பானுக்குப் போய் உன்இச்சி ஹிராட்சுகாவிடம் மரச்செதுக்கு அச்சு பயின்று திரும்பினார். 1959இல் கிங்காயிட்டின் முதல் ஆண்டுத் தொகுப்பு வெளிவந்தது. மரம் இல்லாத ஊரில் மரப்பலகைக்குப் பதில் கல். ஸ்டென்சிலுக்குத் தொடக்கத்தில் சீல் தோல்.

ஹிராட்சுகா, வரைபவனே வெட்டி வெட்டுபவனே அச்சிடவேண்டும் என்று பிடிவாதமாக நின்ற நவீன அச்சுக்கலை இயக்கத்தின் பெரிய ஆள். அவரிடம் படித்துவந்த வித்தையை வைத்து கிங்காயிட் செய்தது நேர் எதிர். பழைய ஜப்பானிய அச்சுக்கூடங்களைப் போல வரைபவர் வேறு, வெட்டி அச்சிடுபவர் வேறு என்று வகுத்துக்கொண்டார்கள். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வேட்டை முகாமுக்குப் போய்வந்துகொண்டு, கிடைத்த நேரத்தில் தாளில் வரையக்கூடிய பெண்கள் பலர் இருந்தார்கள். பிட்சியோலாக் அஷூனா அப்படித்தான் ஆயிரக்கணக்கில் வரைந்து தள்ளினார். அச்சுக்கூடத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்ய ஒரு சிறு குழு இருந்தது. கூட்டுறவுச் சங்கம் இரண்டையும் கட்டியது. ஊர்க்காரர்களே பங்குதாரர்களாக இருக்கும் சங்கம் அது. ஓவியங்களை அது கைக்காசு கொடுத்து வாங்கிவிடுகிறது, அச்சில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் சரி. வரைந்தவர் வாங்குபவனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கலைக்கு மானியம் கேட்டு விண்ணப்பம் நிரப்பும் நகரத்து ஓவியர்கள் பொறாமைப்படவேண்டிய ஏற்பாடு.

அச்சிடும் அறைக்கு மத்தியானம் போனேன். அங்கே வேறொரு கல், வேறோர் ஆள், இளைஞர். ஒரே கல்லில் ஐந்து நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி உருளை, சில உருளைகள் கட்டைவிரல் அகலம்தான். ஒரு நிறம் அடுத்ததில் பட்டுவிடாமல் இடையில் தாள் துண்டை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு உருட்டுகிறார். முதலில் பூசிய மை காய்வதற்குள் கடைசி மையும் ஏறிவிடவேண்டும், அதனால் அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேசுவதில்லை. பிறகு ஜப்பானிய கோசோ தாள். இரண்டு மூலையைப் பிடித்து ஒரே தடவையில் இறக்குகிறார், இழுத்துச் சரிசெய்ய இரண்டாம் வாய்ப்பு இல்லை. மேலே இன்னொரு மெல்லிய தாளை வைத்து, உள்ளங்கைக்கு அடங்கிய தேய்ப்பானால் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார். அழுத்து இயந்திரம் எதுவும் இல்லை, தோள்பட்டைதான் இயந்திரம். மூலையைத் தூக்கி எட்டிப் பார்த்தார், திருப்தியில்லை, மறுபடி அந்த இடத்தை மட்டும் தேய்த்தார். உரித்தெடுத்துக் கயிற்றில் தொங்கவிட்டபோதுதான் மூச்சு விட்டார்.

இப்படி ஒரு படத்துக்கு வழக்கமாக 50 பிரதி. ஐம்பதும் ஒன்றுபோல இருக்கவேண்டும். முடிந்ததும் அந்தக் கல்லின் முகத்தைச் சிதைத்துவிடுகிறார்கள், 51ஆவது பிரதிக்கு இடமில்லை.

கனடாவில் வாழ்பவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது பார்த்திருக்கக்கூடிய ஒரு பறவை உண்டு: கெனோஜுவாக் ஆஷெவாக்கின் ‘மாய ஆந்தை’. 1960இல் இந்த ஊரில் பிறந்தது, 1970இல் தபால்தலையில் ஏறியது. வாலின் நிறம் பாதிப் பிரதிகளில் சிவப்பு, பாதியில் பச்சை. அவருடைய இன்னோர் ஆந்தை 2017இல் வெளியிட்ட நினைவுப் பத்து டொலர் தாளில் மின்னுகிறது. கெனோஜுவாக்கின் பெயர் இந்நாட்டுப் பள்ளிப்பிள்ளைகளுக்குத் தெரியும். ‘மாய ஆந்தை’யின் கல்லை வெட்டி அச்சிட்டவர் ஈகிவுட்லுக் பூட்டூகுக். இந்தப் பெயரை ரொறன்ரோவில் கலை பற்றி நிறையப் பேசும் நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கச்சேரி விளம்பரத்தில் பாடகர் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு மிருதங்கக்காரரை விட்டுவிடுவது போன்ற கதை.

காசுக் கதை இன்னும் மோசம். வெளிவந்தபோது அந்த ஆந்தையின் ஒரு பிரதி 24 டொலர். 2018இல் ஒரு பிரதி ஏலத்தில் 216,000 டொலருக்குப் போனது. கெனோஜுவாக் 2013இலேயே காலமாகிவிட்டார். மறுவிற்பனையில் கலைஞருக்கோ குடும்பத்துக்கோ பங்கு கொடுக்கச் சொல்லும் சட்டம் கனடாவில் அப்போது இல்லை. பிரான்சில் அது 1920இலேயே வந்துவிட்டது. கனடியக் கலைஞர் அமைப்புகள் ஐந்து சதவீதம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடிவருகின்றன. அந்தப் பேச்சிலும் வரைந்தவருக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. வெட்டியவரைப்பற்றி யாரும் வாய் திறக்கக் கேட்டதில்லை.

இன்றைய நிலவரம் வேறொரு பக்கத்திலிருந்து அச்சுக்கூடத்தை நெருக்குகிறது. தெற்கத்திச் சந்தை நெடுங்காலம் கரடியும் ஆந்தையும்தான் கேட்டது. பிட்சியோலாக்கின் பேத்தி ஆனி பூட்டூகுக் அதை உடைத்தார். தொலைக்காட்சி பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருக்கும் குடும்பம், கடை அலமாரி, வீட்டுக்குள் நடக்கும் அடி எல்லாவற்றையும் வண்ணப் பென்சிலில் அப்படியே வரைந்தார். 2006இல் சோபி கலை விருது அவருக்குக் கிடைத்தது. 2016இல் ஒட்டாவாவில் இறந்தபோது வயது 47. அவருடைய உறவினர் ஷுவினாய் அஷூனா 2022 வெனிஸ் பினாலேயில் சிறப்புப் பாராட்டுப் பெற்றார். இவர்களுடைய புகழ் பெரும்பாலும் பெரிய தாளில் வரைந்த மூல ஓவியங்களால் வந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சியே, கிங்காயிட்டின் உண்மையான வீட்டை உலகம் பார்த்தது அவர்களால்தான். ஆனால் சேகரிப்பாளர்கள் மூல ஓவியத்தை நேரே கேட்கத் தொடங்கினால் கல்லுக்கு என்ன வேலை?

பெரியவரிடம் இதைக் கேட்டேன். கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. முனை கூர்மையாக இருக்கிறதா என்று உளியைப் பார்த்துக்கொண்டே, இளம் பையன்கள் அச்சிட வருகிறார்கள், கல் வெட்ட உட்காரத்தான் ஆள் குறைவு என்றார். அச்சிடப் பழக ஓரிரு ஆண்டு போதும், நூல் தடிப்புக் கோட்டைத் தைரியமாக விட்டு வைக்கப் பத்து ஆண்டாவது ஆகும் என்பது அவர் கணக்கு.

கிங்காயிட்டுக்கு எல்லாராலும் போகமுடியாது, விமானச் சீட்டுக்கே ஐரோப்பா போய்வரலாம். ஆனால் ஒட்டாவாவின் தேசியக் கலைக்கூடத்திலும், ரொறன்ரோவின் ஒன்ராறியோ கலைக்கூடத்திலும், 2021இல் வின்னிபெக்கில் திறந்த கௌமாஜுக் இனுவிட் கலை மையத்திலும் இந்த ஊரின் அச்சுகள் இருக்கின்றன. பிள்ளைகளோடு போனால் கண்ணாடிச் சட்டத்துக்குள் தாளின் ஓரத்தைப் பாருங்கள். வரைந்தவருடைய முத்திரை இருக்கும், பக்கத்தில் அச்சிட்டவருடையதும் இருக்கும், இனுக்டிடூட் எழுத்தில். சுவரில் ஒட்டிய விவரச்சீட்டில் அந்த இரண்டாவது பெயர் இல்லாவிட்டால், வரவேற்பு மேசையில் நிற்பவரிடம் ஏன் இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.