மூடிக்குள் எழுபது சதவிகிதம்

"சுருட்டு வாங்குறது பெரிய விஷயமில்லை. வாங்கினதைக் காப்பாத்துறதுதான் விஷயம்" என்பார் அவர். சரக்குக் கப்பலில் சீஃப் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 67. சென்னையில் கடற்கரையை ஒட்டிய வீடு. ஓய்வு பெற்றபோது உடன் வேலை பார்த்தவர்கள் வாங்கிக் கொடுத்த ஹூமிடார் அவர் மேஜையில் இருக்கிறது. பார்வைக்குப் பெரிய நகைப்பெட்டி மாதிரி. மூடியின் உட்புறம் கடிகாரம்போல வட்டமாக ஒரு ஹைக்ரோமீட்டர். உள்ளே வரிசையாகக் கியூபா சுருட்டுகள்.

அவருடைய தாத்தா திருச்சிக்காரர். ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, 1887-ல், திருச்சிச் சுருட்டின் சாம்பல் துப்பாக வருகிறது. அந்தப் புகழெல்லாம் தாத்தாவுக்குத் தெரியாது. உறையூர்ச் சுருட்டு இரண்டு வாங்கி வேட்டி மடியில் செருகிக்கொள்வார். மாலைக்குள் தீர்ந்துவிடும். அதற்குப் பெட்டி எதற்கு? வருஷக்கணக்கில் வைத்திருக்கும் சுருட்டுக்குத்தான் பெட்டி வேண்டும்.

காரணம் எளிது. புகையிலை சுற்றியிருக்கும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும். காற்று காய்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடும். பெட்டிக்குள் ஈரப்பதம் 65 முதல் 70 சதவிகிதம் வரை இருந்தால் சுருட்டு பதமாக இருக்கும். குறைந்தால் மேல் இலை வெடிக்கும், வாசனை போய்விடும். 75-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். சூடும் சேர்ந்துகொண்டால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்து, குண்டூசி குத்தியதுபோல ஓட்டை விழும். அதனால்தான் பெட்டியின் உட்புறத்தை ஸ்பானிஷ் சீடர் பலகையால் இழைக்கிறார்கள். பெயர்தான் சீடர், உண்மையில் அது நம் வேப்பமரத்தின் குடும்பம். அதிக ஈரத்தைத் தான் குடித்துக்கொண்டு, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

சென்னையில் இதிலும் ஒரு சிக்கல். வெளியே மழைக்காலக் காற்று 80-ஐத் தாண்டும். ஏ.சி. ஓடும் அறையில் 50-க்கு இறங்கிவிடும். பெட்டியை அடிக்கடி திறந்தால் அத்தனையும் கெடும். பஞ்சுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள உப்புகள் படிந்து பஞ்சை அடைத்துவிடும். இன்வெர்ட்டருக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றுவார்.

ஒருமுறை, முள் 70-ல் நின்றும் சுருட்டு நமுத்துப்போனது. மீட்டரைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத கவரில் ஒரு நாள் வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75-ல் போய் நிற்கும். அவருடைய மீட்டர் 69 காட்டியது. ஆறு குறைவு. பக்கத்தில் நின்ற மனைவி சொன்னார்: "அட, மழைக்காலத்துல நம்ம உப்பு ஜாடி தண்ணி விட்டுக்குதே, அதுவும் இதுதானா?" அதேதான். காற்றின் ஈரம் 75-ஐத் தாண்டினால் உப்பு நீர்க்க ஆரம்பிக்கும். இத்தனை வருஷமாக அடுக்களையில் ஒரு ஹைக்ரோமீட்டர் இருந்திருக்கிறது.

போன வருஷம் பல்வலிக்குப் போன இடத்தில், கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருப்பதை டாக்டர் பார்த்தார். சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் அப்படி மாறக்கூடியது. சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கு ஆபத்துதான் என்றார் டாக்டர். அன்றோடு நிறுத்தினார். பெட்டியில் 17 சுருட்டுகள் மிச்சம்.

ஆனால், தண்ணீர் ஊற்றுவது மட்டும் நிற்கவில்லை. காலையும் மாலையும் முள்ளைப் பார்ப்பார். மனைவி நாலு மாதம் பொறுத்தார். பிறகு கேட்டேவிட்டார்: "என்னங்க, பிடிக்கப் போறதில்ல. யாருக்கும் கொடுக்கவும் மனசில்ல. அப்புறம் எதுக்கு அதுக்குத் தண்ணி?"

"காஞ்சுபோயிடும்மா."

"அதைப் பத்திரமா வச்சிருந்தா, ஒரு நாள் எடுக்கத்தான் தோணும்."

அவரிடம் பதில் இல்லை. மறுநாள் 17 சுருட்டுகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். மனைவி அவற்றை உதிர்த்து ஊறவைத்து, மாடியில் செம்பருத்தியைப் பிடித்திருந்த மாவுப்பூச்சிக்குத் தெளித்தார். தக்காளி, மிளகாய்ச் செடிப் பக்கம் மட்டும் கொண்டுபோகவில்லை; புகையிலையிலிருந்து அவற்றுக்கு நோய் தொற்றக்கூடும்.

காலிப் பெட்டியை என்ன செய்வது? நடிகர் மில்டன் பெர்ல் 1961-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்குப் பரிசளித்த ஹூமிடார், 1996-ல் 5,74,500 டாலருக்கு ஏலம் போனது. "நம்ம பெட்டிக்கு யார் வருவா?" என்று சிரித்தார். மனைவி பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். ராட்டர்டாம், சான்டோஸ், யோகஹாமா என்று ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் அவர் போட்ட கடிதங்கள். நூற்றுக்கும் மேல். எழுதியதே அவருக்கு மறந்திருந்தது. பல மழைக்காலம் பார்த்ததில் சில ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சிலவற்றில் பழுப்புப் புள்ளிகள்.

காகிதத்துக்கு 70 ஆகாது. 50-க்குக் கீழே இருக்க வேண்டும். பஞ்சைக் கழற்றினார். மூடியைத் திறந்துவைத்துப் பலகையை மூன்று வாரம் காயவிட்டார். வெள்ளைத் துணியில் கடிதங்களைச் சுற்றி வைத்து, ஓரத்தில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டார்.

"சுருட்டு நாத்தம் ஏறிடுமே?" என்றார், கொஞ்சம் சங்கடமாக.

"அப்ப வந்தப்பவும் இதே வாசனையோடதான் வந்துச்சு" என்றார் மனைவி.

இப்போதும் காலையும் மாலையும் முள்ளைப் பார்க்கிறார். ஆறைக் கூட்டிக்கொண்டு 45 வந்தால் நிம்மதி.