யாழ்ப்பாணத் தமிழும் ராயபுரமும்

எந்த ஊர் என்று கேட்பவர்களிடம் அத்திப்பட்டு என்றால், "சிட்டிசன் படத்துல வருமே, மேப்புலயே இல்லாம போன ஊரு, அதுவா?" என்பார்கள். அது அத்திப்பட்டி. எங்களுடையது மேப்பில் இருக்கிறது. எண்ணூருக்கு வடக்கே, மீஞ்சூருக்குத் தெற்கே. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயில் நின்று போகும்.

அனல்மின் நிலையம் வருவதற்கு முன்னால் ஊருக்குக் கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். ஆயா அங்கே கூலிக்குப் போனாள். பாத்தியில் உப்பு பூத்ததும் நீளக்கொம்பில் கட்டிய பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது பெண்கள் வேலை. ஆயாவின் குதிகால் வெடிப்பில் ஐந்து பைசாவைச் செருகலாம். ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, "எங்க பாட்டன் காலத்துல இந்த உப்பெல்லாம் கால்வாய்ல படகேறித்தான்டா பட்டணம் போவும்" என்பாள்.

பட்டணம் என்றால் எங்களுக்கு ராயபுரம். சின்ன ஆயா வீடு அங்கே, அர்ச் பேதுரு கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில். பீச் வண்டியில் ஏறினால் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் நின்றபடியே போய் இறங்கிவிடலாம். அந்த வீட்டு ஆண்கள் எல்லாரும் ஹார்பர் வேலை. அவர்களுடைய முன்னோர் படகோட்டிகள். துறைமுகம் இல்லாத காலத்தில், தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் கரை சேர்த்தவர்கள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. அலை தூக்கிப் போட்டால் ஆணி அடித்த படகு பிளந்துவிடும். இது வளைந்து கொடுக்கும்.

அந்தப் படகில் வந்து இறங்கிய குடும்பங்களைப் பற்றி எனக்குத் தெரியவந்தது பிற்பாடு, பழைய புத்தகக் கடையில் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியின் மறுபதிப்பை வாங்கியபோது. 1862, சென்னை, அமெரிக்கன் மிஷன் அச்சகம், பி. ஆர். ஹன்ட் என்று முகப்பில் போட்டிருந்தது. அமெரிக்காக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று தேடப் போய், அந்த மிஷனின் நிலையங்களில் ஒன்று ராயபுரத்திலேயே இருந்தது தெரிந்தது. சின்ன ஆயா அதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. "வராதவன் யாருடா இங்க?" என்றாள்.

மிரன் வின்சுலோவும் டாக்டர் ஜான் ஸ்கடரும் 1819இல் பாஸ்டனிலிருந்து ஒரே கப்பலில் குடும்பத்தோடு புறப்பட்டவர்கள். முதலில் யாழ்ப்பாணம். 1836இல்தான் சென்னை மிஷனைத் தொடங்கினார்கள். பதினேழு வருஷம் பேசிப் பழகியது யாழ்ப்பாணத் தமிழ். அதை வைத்துக்கொண்டு ராயபுரத்து மீன்காரியிடம் விலை கேட்டால் என்ன பதில் வந்திருக்கும் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

வீடு என்று ஒன்று நிலைப்பதற்குள் இந்தப் பாதிரி வீட்டுப் பெண்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும், எறும்புக்காக. புத்தகத்தைக் கரையானிடமிருந்து காப்பாற்ற வேண்டும். சமைப்பவர் பெருக்க மாட்டார், பெருக்குபவர் தண்ணீர் எடுக்கக் கூடாது, சாதிக்கொரு வேலை. எளிமையாக வாழ வந்த பாதிரி வீட்டிலும் வேலைக்காரர் கூட்டம் சேர்ந்தது அப்படித்தான். பளிங்குபோல் மின்னிய சுவர்ச் சுண்ணாம்பு கிளிஞ்சல் சுட்டது. எங்கள் எண்ணூர், பழவேற்காட்டுக் கழிமுகத்துக் கிளிஞ்சலாகவும் இருக்கலாம். சோற்றில் போட்ட உப்பு அத்திப்பட்டு உப்பாக இருந்திருந்தால் ஆயாவுக்குப் பெருமை. 1842இல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் வந்தது. அதில் இறங்கிய ஐஸ் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டியது. சொந்த ஊர்க் குளிரைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலைமை!

இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பிள்ளைகள் விஷயம் வேறு. வெயிலும் காய்ச்சலும் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம்; கொஞ்சம் வளர்ந்ததும் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். யாழ்ப்பாணத்து உடுவில் பெண்கள் பள்ளியை 1824இல் தொடங்கிய, வின்சுலோவின் மனைவி ஹாரியட், தன் மகன் சார்லஸையும் அப்படித்தான் அனுப்பினார். 1832இல் பையன் அங்கே இறந்தான். அடுத்த ஜனவரியில் உடுவிலில் தாயும் போய்விட்டார். ஊரார் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவருக்குத் தன் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துப் படிக்கவைக்க முடியவில்லை. அவர்கள் செய்த மதப் பிரசாரத்தில் எனக்கு ஒட்டுதல் கிடையாது. இருந்தாலும் இந்த இடத்தில் மனசு கேட்பதில்லை.

அதே பெயருடைய மகள் ஹாரியட், ஜான் வெல்ஷ் டல்லஸ் என்ற இளம் பாதிரியைக் கட்டிக்கொண்டு 1849வாக்கில் சென்னை வந்தார். பிறந்தது யாழ்ப்பாண மண். அவருக்கு இது வெளிநாடா, திரும்பி வந்ததா? சில வருஷங்களிலேயே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் டல்லஸ் குடும்பம் ஊர் திரும்பியது. ஜான் டல்லஸ் 1855இல் சென்னை வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பேரன்கள் இருவர் பிற்காலத்தில் உலகத்தையே ஆட்டிவைத்தார்கள்: வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், சி.ஐ.ஏ. தலைவர் ஆலன் டல்லஸ். தாத்தா பாட்டி இங்கே குடித்தனம் நடத்தியவர்கள் என்றால் எங்கள் ஊர்த் தோழர்கள் நம்பவே மாட்டார்கள்.

கிழவர் வின்சுலோ மட்டும் கடைசிவரை அகராதியோடு மல்லுக்கட்டினார். யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் தொடங்கிவைத்த வேலை அது. தமிழ்ப் புலவர்கள் துணையோடு 67,000க்கு மேற்பட்ட சொற்களாக முடிந்தது. 1864இல் ஊர் திரும்பும் வழியில் கேப்டவுனில் இறந்தார்.

எங்கள் உப்பளத்தை 1990களில் அனல்மின் நிலையமும் சாம்பல் குட்டையும் எடுத்துக்கொண்டன. பிறகு எண்ணூர்த் துறைமுகம், வல்லூர் நிலையம். இப்போது அத்திப்பட்டுப் புதுநகரில் பீகார், ஒடிசா பையன்கள் அறைக்கு ஏழெட்டுப் பேராகக் குடியிருக்கிறார்கள். போன மாதம் கடையில் ஒருவன், "அண்ணா, கல்லுப்பு ஒரு கிலோ" என்று சுத்தமாகக் கேட்டான். கடைக்காரர் பாக்கெட்டை எடுத்து வைத்தார். தூத்துக்குடி உப்பு.