40 நாளும் 14 படியும்



நாங்கள் ஊருக்குத் திரும்பி மூன்று மாதமாகிறது. இன்னும் கல்யாண வீட்டிலும் மையத்து வீட்டிலும் அதே கேள்விதான். "டீச்சர், மகள்ர பிள்ளைப்பேற்றை விட்டுட்டு இந்த வயசில கம்போடியாவுக்கு ஏன் போனீங்க?" தனித்தனியாகச் சொல்லி எங்களுக்கும் அலுத்துவிட்டது. இங்கேயே எழுதிவிடுகிறோம். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குக் கொடுத்த திகதி, நாங்கள் திரும்பி இரண்டு கிழமைக்குப் பிறகுதான். அதைப் பார்த்துத்தான் மஸ்தூராத் ஜமாஅத்துக்குப் பெயர் கொடுத்தோம். பிள்ளை மூன்று கிழமை முந்திவிட்டது. எங்களுக்கு அது 33ஆம் நாள். காசைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். ஜமாஅத்தில் போகிறவர் தன் செலவைத் தானே பார்க்க வேண்டும். எங்களுடையது இரண்டு பேரும் படிப்பித்துச் சேர்த்த காசு. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நாங்கள் ஐந்து சோடி. எல்லோரும் ஐம்பது தாண்டியவர்கள். மேகொங் ஆற்றங்கரையில், க்ரோச் ச்மார் பக்கம் உள்ள சாம் முஸ்லிம்களின் கிராமங்கள். ஆண்கள் பள்ளியில் தங்க வேண்டும், பெண்கள் ஒரு வீட்டில். அங்கு வீடுகள் மரத்தூண்களின் மேல் நிற்கின்றன, ஆறு பெருகும் காலத்துக்காக. எங்கள் வீட்டுக்கு 14 படி. முழங்கால் வருத்தக்காரிக்கு 14 படி என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் மட்டும் இறங்குவது என்று மஷூராவில் அனுமதி வாங்கியாயிற்று.

சுபஹுக்குப் பிறகு கொஞ்சம் குர்ஆன், பிறகு சமையல். ஆற்று மீனில் புளிப்பு ஆணம், சோறு. ப்ரஹோக் என்று மீனைப் புளிக்க வைத்து எல்லாவற்றிலும் போடுகிறார்கள். எங்களோடு வந்த கொழும்பு லாத்தா மூக்கைப் பொத்தினார். ஜாடி மீன் சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. சாப்பாட்டைப் பள்ளிக்குக் கொண்டுபோவது அந்த வீட்டுச் சின்னப் பையன். போகிற வழியில் பொரித்த மீனில் ஒரு துண்டு குறையும். யாரும் கேட்பதில்லை.

லுஹருக்குப் பிறகு தாலீம். ஊர்ப் பெண்கள் வந்து பாயில் இருப்பார்கள். நாங்கள் தமிழில் சொல்வதை எங்களோடு வந்த மலாய்ச் சகோதரி தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லுவார். அங்கே மதரஸாவில் மலாய்க் கிதாபு ஓதிய ஒரு பெண் அதைச் சாம் மொழியில் சொல்லுவாள். ஒரு வசனம் போய்ச் சேர ஐந்து நிமிடம். நடுவில் என்னவாக மாறியது என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

36 வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் நாங்கள். அங்கே அஸருக்குப் பிறகு படிக்கட்டின் கீழே பத்து நிமிடம். அதுவும் பெரும்பாலும் குளிசைப் பேச்சுத்தான். கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத்தான் தந்தார்கள். மிச்சம் பத்து நாளைக்கு ஃபாமஸியில் வாங்கிப் பெட்டியில் நாள்வாரியாகப் பிரித்துக் கொடுத்தும், இவர் ஒரு நாள் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கஷ்துக்குப் போய்விட்டார். வழியில் தலைசுற்றி உட்கார்ந்தவருக்கு யாரோ ஒரு கிழவர் மடியிலிருந்து பனங்கட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆம், பனங்கட்டிதான். அங்கே வயல் வரம்பெல்லாம் பனைமரம்.

இனி எழுதுவதை நாங்கள் பிள்ளைகளிடமும் சரியாகச் சொன்னதில்லை.

இரண்டாவது கிராமத்தில், தொழுகையைப் பற்றிப் பேசும் முறை எங்களுக்கு வந்தது. தொழுகையை விட்டுவிடக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவது போலவே சொல்லிக்கொண்டிருந்தோம். மூலையில் இருந்த ஒரு மூத்தம்மா கையை உயர்த்தினார். அவர் சொன்னது இரண்டு மொழி தாண்டி எங்களுக்கு வந்தது. பொல்பொட் காலத்தில் குர்ஆனைப் பறித்தார்கள், தொழுதால் கொன்றார்கள், பன்றி இறைச்சியைத் தின்னச் சொன்னார்கள். அப்போது அவருக்கு 17 வயது. வயலில் நாற்று நடக் குனியும்போது அதையே ருகூவாக நிய்யத் வைத்துக்கொள்வாராம். வீட்டில் ஒன்பது பேர். 1979இல் திரும்பி வந்தது இரண்டு பேர்.

அந்தப் பக்கத்து ஸ்வாய் க்ளியாங், கோ ஃபால் கிராமத்தார் 1975இல் கத்தியையும் வாளையும் எடுத்துக்கொண்டு அவர்களை எதிர்த்தார்கள். ஊர்களையே அழித்து, மிஞ்சியவர்களைத் திசைக்கொன்றாகப் பிரித்துவிட்டார்கள். இதெல்லாம் போகுமுன் நாங்கள் படித்திருக்க வேண்டியது. சமூகக்கல்வி படிப்பித்தவர்களுக்கு அது வெட்கம்தான்.

பிறகு மூத்தம்மா கேட்டார், "உங்கள் நாட்டிலும் யுத்தம்தானே, உங்களுக்கு யாரும் போனார்களா?"

1990 ஆகஸ்ட் 3 பற்றி இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இவருடைய தம்பி அன்றைக்கு இஷாவுக்குப் போனவர். இவர் கடையைப் பூட்டப் பிந்தியதால் போகவில்லை. அன்றிலிருந்து இவர் எந்தப் பள்ளியிலும் கதவோரத்தில்தான் நிற்பார். ஏன் வாப்பா முன் ஸஃப்புக்கு வருவதில்லை என்று பிள்ளைகள் கேட்டால், செருப்புக் களவு போகும் என்போம். அதை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னது, மொழி தெரியாத அந்த வீட்டுப் பாயில் இருந்துதான். மலாய்ச் சகோதரி மொழிபெயர்க்க முடியாமல் நிறுத்திவிட்டார். மூத்தம்மா எழுந்து வந்து பக்கத்தில் இருந்தார். அன்றைக்குத் தாலீம் அத்தோடு முடிந்தது.

அஸருக்குப் பிறகு படிக்கட்டடியில் இதைச் சொன்னபோது இவர் கோபிப்பார் என்று நினைத்தோம். "இங்கே ராத்திரியில் பள்ளிக்குள் படுக்கிறது எப்படி இருக்குதென்று நீ கேட்கவே இல்லையே" என்றார். முதல் நான்கு இரவும் கண்ணை மூடவில்லையாம்.

33ஆம் நாள் இரவு மருமகன் வட்சப்பில் எடுத்தார். பேரன். தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். மகள் போனை வாங்கி, "வார்டில எல்லாருடைய உம்மாவும் பக்கத்தில இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பதில் எங்களிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பயணத்தைப் பாதியில் விட்டு வருவதா என்று அமீர் கேட்டார். டிக்கட் மாற்றும் செலவைப் பார்த்தோம், ஏழு நாளில் முடியப்போகிறது என்றோம், இருந்துவிட்டோம். அது சரியா பிழையா என்று எங்கள் இருவருக்குள்ளேயே இன்னும் ஒத்துப்போகவில்லை.

போகலாமா என்று கேட்கிற வயதானவர்களுக்குச் சொல்கிறோம்: மருந்தை 50 நாளைக்கு எடுங்கள், முழங்காலுக்குப் பட்டி எடுங்கள், பிள்ளைப்பேற்றுத் திகதியை நம்பாதீர்கள்.

மகள் இப்போது பேசுகிறாள், பிள்ளையைத் தருகிறாள். மூத்தம்மா கட்டித் தந்த பனங்கட்டியில் பாதியை அவளுக்குக் கொடுத்தோம். அது இன்னும் அவளுடைய குசினி அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. குளிசைப் பெட்டியை மட்டும் இவர் இப்போது தானே நிரப்புகிறார்.